கடைமடையின் காவற்காடு

(வெள்ளி விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் விழாவில் கடலைப் பற்றியும் காட்டைப் பற்றியும் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காவிரியின் கடைமடையில் உப்பு ஏறினால் முதலில் பட்டினி கிடப்பவர் யார்? நிலம் உடையவர்க்கு நிலமாவது மிஞ்சும். நாற்று நட்டும் கதிர் அறுத்தும் வாழும் நம் மக்களுக்கோ கூலியும் போய்விடும், குடிநீரும் போய்விடும். ஆகவே இது நம்முடைய பேச்சே ஆகும்.

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. அவ்வுயர்வு இப்போது விரைவு பெற்று வருகிறது. கழிமுக நிலத்தை மேடாக்கி வளர்ப்பது ஆற்று வண்டல். அவ்வண்டலோ, 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை முதலிய தேக்கங்களில் தங்கிவிடுகிறது. கடல் ஏறுகிறது, அதற்கு ஈடாக நிலம் வளரவில்லை.

கடலுக்கும் ஊருக்கும் நடுவே நிற்பவை பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடும், முத்துப்பேட்டை அலையாத்திக் காடும். அவற்றின் வேர்கள் சேற்றைப் பிடித்து நிறுத்துகின்றன. அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. மீனுக்கும் நண்டுக்கும் நாற்றங்காலாகின்றன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. பிச்சாவரக் காட்டின் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவாயிருந்தது. கடலிலிருந்து உள்ள தொலைவும் நிலத்தின் உயரமும் அதற்குத் துணைநின்றன என்பாரும் உளர். 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் முத்துப்பேட்டைக் காட்டையே முறித்துப்போட்டது. காடு காவல்தான், ஆனால் காவலுக்கும் காப்பு வேண்டும்.

இக்காடு குன்றியது எதனால்? ஆடுமாடு மேய்ப்பவரும் விறகு வெட்டுபவருமே காரணம் என்று நெடுங்காலம் ஏழைகள்மீது பழி கூறப்பட்டது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்தபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. வெள்ளையர் காலம் தொட்டு 1970ஆம் ஆண்டுகள் வரை, கூறு கூறாகக் காட்டை அடியோடு வெட்டும் முறை நடைபெற்றது. வெயில் பட்ட மண் நீர் வற்றித் தாழ்ந்து பள்ளமாயிற்று. பள்ளத்தில் கடல்நீர் தேங்கிற்று. உப்பு மிகுந்து கன்றுகள் பட்டன. பின்னர் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் வந்து வடிய வழிசெய்தபோது காடு மீண்டும் தழைத்தது. இளைஞர்களே, ஏழையின் மேலிருந்த பழியை நீக்கியது ஆராய்ச்சி அறிவு என்பதை மறவாதீர்.

1990ஆம் ஆண்டுகளில் இறால் பண்ணைகள் வயல்களைக் குளங்களாக்கின. உப்புநீர் ஊறி அண்டை வயலும் கிணறும் கெட்டன. சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். நம்மவரிடையே பிறந்த அவர்தம் துணைவியார் கிருஷ்ணம்மாள் மக்களைத் திரட்டினார். 1996 டிசம்பர் 11ஆம் நாள், கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்திலிருந்த பண்ணைகளை அகற்றவும், வேலையிழக்கும் தொழிலாளர்க்கு இழப்பீடு தரவும் தீர்ப்பாயிற்று. எனினும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு பெற்ற பண்ணைகளுக்கு இடந்தந்தது. தீர்ப்பு வந்ததும் உறங்கிவிடலாகாது என்பதே இதன் பாடம்.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன? ஊர்க் கிணறுகளின் உப்பளவை ஆண்டுதோறும் அளந்து ஏட்டில் குறியுங்கள். அவ்வேட்டைக் கிராம சபையில் வையுங்கள். காட்டு வாய்க்கால் தூர்ந்தால் காடு மீண்டும் பட்டுப்போகும். ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். தூர்வாரும் மண்வெட்டி நமக்கு, காட்டை ஆளும் குழுவின் நாற்காலி பிறருக்கு என்னும் நிலை கூடாது. காடு காக்கும் குழுக்களில் நம் பெண்களும் மீனவரும் இருளரும் சமமாக அமர வேண்டும்.

1927இல் மகாடு நகரின் பொதுக்குளத்து நீருக்காக அண்ணல் அம்பேத்கர் போராடினார். அன்று நம்மைத் தண்ணீரிலிருந்து விலக்கியது சாதி. இன்று உப்பும் அதனோடு சேர்ந்துகொண்டது. இவ்விரண்டையும் எதிர்க்கும் கல்வியே இக்கழகம் நமக்கு அளித்த செல்வம்.