பெட்டியுடன் வந்த கரடிக்குட்டி

சிறுவர்க்கான கரடிக் கதைகள் பல உண்டு. அவற்றுள் நம் வீடுகளில் தவறாது இருக்கவேண்டியது, ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் பாண்ட் 1958-இல் வெளியிட்ட பாடிங்டன் கரடியின் கதை.

பெரு நாட்டினின்று கப்பலில் ஒளிந்து வந்த குட்டி, இலண்டன் பாடிங்டன் புகைவண்டி நிலையத்தில் பெட்டியுடன் இருக்கிறது. தன்னைப் பேணுமாறு வேண்டும் சீட்டொன்று கழுத்தில் தொங்குகிறது. இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சினின்று காப்பதற்காக வெளியூர்களுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளும் இத்தகைய சீட்டுகளை அணிந்திருந்தனர். அக்காட்சியே ஆசிரியர் நினைவில் நின்றது.

குட்டிக்குத் தாய்நாட்டுப் பெயர் ஒன்று உண்டு. எவருக்கும் அது விளங்காது என்பதால், பிரவுன் குடும்பத்தார் நிலையத்தின் பெயரையே சூட்டுகின்றனர். பள்ளிப் பதிவேட்டில் தம் பிள்ளையின் பெயர் உருமாறக் கண்ட பெற்றோர், இவ்விடத்தில் சற்றே நின்று படிப்பர். குட்டி வருந்துவதில்லை, எனக்கோ வருத்தமே. ஆயினும், லிமாவிலுள்ள முதிய கரடிகள் இல்லத்திற்கு, தன்னை வளர்த்த லூசிக்கு அஞ்சலட்டை எழுத அது மறப்பதில்லை.

ஆங்கிலத்தில் லூசி வெறும் ‘ஆண்ட்’. அத்தையா, சித்தியா, பெரியம்மாவா? அச்சொல் கூறாது. வளர்த்தவள் ஆதலின், என் வீட்டுச் சிறுவர்களுக்குப் பெரியம்மா என்றே படித்துக் காட்டினேன்.