ஒலி எழுப்பாத கண்டக்டர்

(நமது சங்கத்தின் மூத்தோர் மாலைச் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னைப் பேசச் சொன்னதும், வைப்புநிதி வட்டியைப் பற்றித்தான் பேசுவேன் என்று பலர் நினைத்திருப்பீர்கள். வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவனிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? ஆனால் இன்று நான் பேச வந்தது ஒரு அட்டைப் பெட்டியைப் பற்றி. அதற்கு முன் ஒரு கண்டக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கண்டக்டர் என்றால் நமக்குத் தோள்பையும் விசிலும்தான் ஞாபகம் வரும். விசில் இல்லாவிட்டால் பஸ் நகராது. நான் சொல்வது விசிலே இல்லாத கண்டக்டர். மேற்கத்திய இசையில் எண்பது, தொண்ணூறு பேர் வயலினும் குழலும் முரசுமாக உட்கார்ந்திருக்க, நடுவில் ஒருவர் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிறு கோலை அசைப்பார். மேடையில் எல்லோரிடமிருந்தும் ஒலி வரும். அவரிடமிருந்து மட்டும் வராது. ஆனால் அவர் கை தவறினால் அத்தனையும் தவறும். நம் சிப்காட் ஆலைகளில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். பொருளில் அவர் கைரேகை இருக்காது, அவர் இல்லாவிட்டால் பொருளே இருக்காது.

ஒலியே எழுப்பாத ஒருவரின் உழைப்பை எப்படிச் சேமித்து வைப்பது? மற்றவர்கள் எழுப்பிய ஒலியைச் சேமித்துத்தான். அப்படிச் சேமித்த ஒரு மகனின் கதை இது.

ஆர்ட்டூரோ டாஸ்கனினி 1867இல் இத்தாலியின் பார்மா நகரில் பிறந்தவர். இசைத்தட்டுப் பதிவு என்றாலே அவருக்குப் பிடிக்காது. அதற்குக் காரணமும் இருந்தது. 1920 – 21இல் அமெரிக்காவில் அவர் முதன்முதலாகப் பதிவு செய்தபோது மைக்கே கிடையாது. வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒரு பெரிய கூம்புக் குழலுக்கு முன்னால் நெருக்கியடித்து உட்கார வேண்டும். மைக் வைத்துப் பதியும் முறை 1925இல்தான் வந்தது. அதன் பிறகும் பெரிய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நாலைந்து நிமிஷத்துக்கு மேல் பிடிக்காது. அரைமணி நேர இசையைத் துண்டு துண்டாக நிறுத்தி நிறுத்தி வாசிக்க வேண்டும். எந்த வித்வானுக்குப் பிடிக்கும்?

அந்த அரக்குத் தட்டு எதனால் ஆனது தெரியுமா? மரக்கிளையில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினால். அதை உலகத்துக்கு அதிகம் அனுப்பியது நம் நாடுதான். நம் தாத்தா வீட்டுக் கிராமபோன் தட்டிலும் அதே அரக்குதான். கீழே விழுந்தால் அப்பளம் போல நொறுங்கும்.

டாஸ்கனினிக்கு 70 வயதானபோது, நாம் ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கும் வயதில், நியூயார்க்கில் என்பிசி வானொலி அவருக்காகவே ஒரு இசைக்குழுவை உருவாக்கியது. 1937 டிசம்பரிலிருந்து 1954 ஏப்ரல் வரை அதை நடத்தினார். கச்சேரிகள் வானொலியில் நேரடியாகப் போயின. போகும்போதே உலோகத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசிய தட்டுகளில் பதிவும் ஆயின. போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காததால் பல தட்டுகள் கண்ணாடியில் செய்யப்பட்டன. விரல் பட்டால் விரிசல் விடும்.

இதையெல்லாம் பாதுகாக்க முன்வந்தவர் அவர் மகன் வால்டர். தந்தையின் ரிவர்டேல் வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்து, தட்டுகளிலிருந்து காந்த நாடாவுக்கு மாற்றி, வரிசைப்படுத்திக் கொண்டே இருந்தார். 1957இல் தந்தை போன பிறகும் வேலை நிற்கவில்லை. 1971இல் வால்டரும் போனார். அந்தச் சேகரம் கடைசியில் 1980களில் நியூயார்க் பொது நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. இன்று யார் வேண்டுமானாலும் ஆராய்ச்சிக்காகப் போய்க் கேட்கலாம்.

அதில் கச்சேரிகள் மட்டுமல்ல, ஒத்திகைகளும் உண்டு. டாஸ்கனினி மகா கோபக்காரர். ஒத்திகைப் பதிவில் கத்துகிறார், திட்டுகிறார், பாடிக் காட்டுகிறார். மேடையில் ஒலியே எழுப்பாத மனிதரின் குரல் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பதிவுகளை வேண்டாத சரக்கு என்று தூக்கிப் போட்டிருந்தால், அவர் எப்படி வேலை செய்தார் என்பதற்குச் சாட்சியே இருந்திருக்காது.

நம் நாட்டுக்கு வருவோம். உலகப் புகழ்பெற்ற கண்டக்டர் ஜுபின் மேத்தா 1936இல் பம்பாயில் பிறந்தவர். அப்பா மெஹ்லி மேத்தா அங்கே சிம்பனி குழுவைத் தொடங்கியவர். பிள்ளை வளர்ந்தது அப்பாவின் ஒத்திகைகளையும் இசைத்தட்டுகளையும் கேட்டு. 1954இல் வியன்னாவுக்குப் படிக்கப் போன பிறகுதான், பெரிய குழு ஒன்று நேரில் எப்படி ஒலிக்கும் என்பதே அவருக்குத் தெரிந்தது. பின்னாளில் அவர் நியூயார்க் குழுவை நடத்தியபோது, சென்னையில் பிறந்து நம் மருத்துவக் கல்லூரியில் படித்த வயலின் வித்வான் எல். சுப்பிரமணியம் அதனோடு வாசித்தார். பம்பாய் வீட்டுத் தட்டுகளில் தொடங்கியது அந்தப் பயணம்.

தில்லியில் அகில இந்திய வானொலி 1952இல் வாத்திய விருந்தா என்ற தேசிய இசைக்குழுவைத் தொடங்கியபோது, பண்டிட் ரவிசங்கரோடு அதை நடத்தியவர் நம்மவர், டி.கே. ஜெயராம ஐயர். தமிழில் சேர்ந்திசை என்றால் எம்.பி. சீனிவாசன். 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர். திரை இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கண்டவர். சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கியவர். பாரதியார் பாடல்களைப் பல குரல்கள் பல சுருதியில் சேர்ந்து பாடும்படி அமைத்தார். நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டமாகப் பாட வைத்தார். 1988 மார்ச்சில் லட்சத்தீவில் காலமானார். அவர் கையசைப்பில் பாடிய பிள்ளைகளுக்கு இன்று ஐம்பது வயதிருக்கும். இந்தக் கூட்டத்திலேயே ஒருவர் இருந்தாலும் ஆச்சரியமில்லை.

'எதற்கு இந்தச் சேகரிப்பு? இசை கேட்ட நேரத்தோடு முடிந்துவிட வேண்டியதுதானே?' என்று நீங்கள் கேட்கலாம். இப்படியே கேட்ட பெரிய கண்டக்டர் ஒருவர் உண்டு. செர்ஜியு செலிபிடாக்கி. இசை அந்த அரங்கத்துக்கு மட்டுமே சொந்தம் என்று இசைத்தட்டு வெளியிட மறுத்துவந்தார். 1996இல் அவர் மறைந்த பிறகு குடும்பத்தார் சம்மதித்து, வானொலிப் பதிவுகள் வெளிவந்தன. அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் மியூனிக் அரங்கத்துக்குப் போக முடியாத நம்மைப் போன்றவர்களுக்கு அந்த நாடாக்கள்தான் அரங்கம்.

இனி அந்த அட்டைப் பெட்டிக்கு வருகிறேன்.

நம் குடியிருப்பின் தரைத்தள ஸ்டோர் ரூமில், பழைய சீரியல் விளக்குகளுக்கும் பெயின்ட் டப்பாக்களுக்கும் பின்னால் அது இருக்கிறது. உள்ளே 41 கேசட்டுகள். நம் பொங்கல் விழாக்கள், ஆண்டு விழாக்கள். முக்கால்வாசி, சி பிளாக்கில் இருந்த பாட்டு டீச்சர் நம் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட வைத்தவை. டீச்சர் இன்று இல்லை. அவர் மேடையில் பாடியதே கிடையாது; ஓரமாக நின்று கையை மட்டும் அசைப்பார். ஸ்டோர் ரூமைக் காலி செய்து மின்வண்டி சார்ஜ் செய்யும் இடமாக்கப் போகிறோம். நல்ல முடிவுதான், நானும் கை தூக்கினேன். பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம் என்று பேச்சு வந்தபோதுதான் ஒரு கேசட்டை எடுத்து வந்து கேட்டேன்.

பாட்டு தொடங்குவதற்கு முன் மெதுவாக ஒரு குரல்: "எல்லாரும் என் கையைப் பாருங்க. ஒண்ணு, ரெண்டு..." அதற்குப் பிறகு பிள்ளைகள். டீச்சர் குரல் அந்த இரண்டு விநாடிதான். நான் அதை நாலு முறை கேட்டேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். என் அம்மா பாடிய தாலாட்டை 1989இல் என் தங்கை பிள்ளைக்காக ஒரு கேசட்டில் பிடித்து வைத்திருந்தேன். சில வருஷம் கழித்து, வெற்றுக் கேசட் என்று நினைத்து, அதன் மேல் ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டுகளைப் பதிந்துவிட்டேன். அம்மா போன பிறகு தேடியபோதுதான் தெரிந்தது. குற்றம் சொல்ல யாரும் இல்லை. பொத்தானை அமுக்கியது என் விரல். லண்டன் பிபிசியே நாடாவை மறுபடி உபயோகிக்கப் பல நிகழ்ச்சிகளை அழித்திருக்கிறது என்று பின்னால் படித்தேன். அதனால் என் மனசு ஆறவில்லை.

கேசட்டுக்கு எதிரிகள் மூன்று: ஈரம், சூடு, காந்தம். நம் ஊரில் கடல் காற்றும் பழவேற்காடு பக்கத்து ஈரமும் போதாதென்று, 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் ஸ்டோர் ரூமுக்குள் தண்ணீரும் வந்தது. சில கேசட்டுகளில் வெள்ளைப் பூஞ்சை தெரிகிறது. அவற்றை அப்படியே ஓட்டக் கூடாது. நாடாவும் கெடும், கருவியும் கெடும். நிழலில் உலர்த்தி, பூஞ்சையை மெல்லத் துடைத்து எடுத்த பிறகே ஓட்ட வேண்டும். நல்ல நிலையில் உள்ளவற்றையும் ஒரு முறை முன்னும் பின்னும் முழுதாகச் சுற்றி, தலைப்பகுதியைச் சுத்தம் செய்துவிட்டு, ஒரே ஓட்டத்தில் கணினிக்கு மாற்றிவிட வேண்டும்.

கணக்குப் பார்த்தேன். சுருக்காமல் நல்ல தரத்தில் பதிந்தால் நிமிஷத்துக்குப் பத்து எம்பிக்குக் கொஞ்சம் அதிகம் பிடிக்கும். ஒரு மணி நேரக் கேசட் 41 என்றால் சுமார் 26 ஜிபி. ஒரு 32 ஜிபி பென்டிரைவில் அடங்கிவிடும். ஆனால் ஒரே பிரதி என்பது பிரதியே இல்லை. மூன்று எடுப்போம்: ஒன்று சங்க அலுவலகத்தில், ஒன்று ஒரு உறுப்பினர் வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில். வங்கியில் லாக்கர் சாவியை எப்படிப் பிரித்து வைத்தோமோ, அப்படி.

இயந்திரத்தால் முடியாத வேலை ஒன்று உண்டு. பதிவேடு. கேசட் எண், தேதி, விழா, பாடியவர்கள் யார் யார் என்று ஒரு பேரேடு எழுத வேண்டும். விவரம் இல்லாத வவுச்சர் தணிக்கையில் செல்லாது. பெயர் இல்லாத குரலும் அப்படித்தான். அந்தக் குரல்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இந்த அறையில் இருக்கிறீர்கள். பத்து வருஷம் கழித்துக் கேட்டால் எத்தனை பேர் இருப்போம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் வேண்டுகோள் சிறியது. அடுத்த காலாண்டு வரை அந்தப் பெட்டி என் வீட்டில் இருக்க அனுமதி கொடுங்கள். ஓடக்கூடிய கேசட் டெக் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் இறக்கித் தாருங்கள். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் வந்து காது கொடுங்கள். இந்த இதழைப் படிக்கும் பிள்ளைகள், ஒரகடத்தில் இருந்தாலும் ஓஹியோவில் இருந்தாலும், எந்த வருஷம் எந்த வரிசையில் நின்று பாடினீர்கள் என்று சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்.

டீச்சர் "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லி முடித்துவிட்டார். அடுத்து நம் முறை.