‘வந்தாச்சு!’னு வித்த ஒயின்: ஹைப் முடிஞ்ச பிறகு யாருக்கு நஷ்டம்?

‘ஒயின் ஷாப்’னு சொன்னதும் நம்ம ஊர்ல மனசுக்குள்ள வர்ற படமே வேற. கம்பி வலை, நீட்டின கைகள், குவார்ட்டர் பாட்டில். இன்னைக்கு எபிசோட் அந்தக் கடையைப் பத்தி இல்ல. பிரான்ஸ், இங்கிலாந்து, ஜப்பான் மாதிரி நாடுகள்ல நிஜமாவே திராட்சை ஒயின் விக்கிற கடைகளைப் பத்தி. அங்க ஒரு ஒயினை ஊரே திருவிழா கொண்டாடற மாதிரி விளம்பரம் பண்ணி வித்தாங்க. வாங்கினவங்க வீட்டுக்குப் போய்க் குடிச்சுப் பாத்தாங்க. பிடிக்கல. ஆனா யாரும் கடைக்குத் திரும்பி வந்து குறை சொல்லல. அடுத்த வருஷம் வாங்கவும் இல்ல. அந்த மௌனத்துக்கு அந்த ஊர் விவசாயிங்க என்ன விலை கொடுத்தாங்கன்றதுதான் இன்னைக்கு விஷயம்.

முதல்லயே சொல்லிடறேன், இது யாரையும் குடிக்கச் சொல்ற எபிசோட் இல்ல. ஒயினை எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு போனையோ ஒரு படத்தையோ வெச்சுப் பாத்தாலும் கதை பொருந்தும்.

ஒரு தேதியை வித்த கதை

பிரான்ஸ்ல லியோன் நகரத்துக்கு வடக்கே போஜோலேன்னு ஒரு பகுதி. அங்க அதிகம் விளையற திராட்சைக்குப் பேரு கமே. அறுவடை முடிஞ்ச கையோட, இன்னும் முதிராத இளம் ஒயினைக் குடிக்கறது அங்க பழைய வழக்கம். லியோன்ல இருக்கற சாப்பாட்டுக் கடைகளும் அதை வாங்கி ஊத்தும். யாரும் அதைப் பெரிய ஒயின்னு சொல்லிக்கல. வருஷம் முழுக்க உழைச்சதுக்கு ஒரு கொண்டாட்டம், அவ்வளவுதான்.

1951ல அரசாங்கம் ஒரு விதி போட்டுச்சு. அந்த வருஷத்து ஒயினை டிசம்பர் 15க்கு முன்னாடி விக்கக் கூடாது. போஜோலேகாரங்க எதிர்ப்புத் தெரிவிச்சாங்க. நவம்பர் 13ஆம் தேதி சில ஒயின்களுக்கு மட்டும் விலக்கு கிடைச்சுது. இப்படித்தான் ‘போஜோலே நூவோ’ சட்டப்படி பிறந்துச்சு. நூவோன்னா புதுசு.

அப்புறம் வியாபாரிங்க கையில எடுத்தாங்க. அதுல முக்கியமானவர் ஜார்ஜ் துபூஃப். 1964ல சொந்த நிறுவனம் ஆரம்பிச்சவர், 2020ல காலமானார். பளிச்னு பூ வரைஞ்ச லேபிள், பிரபலங்களோட பார்ட்டி, எல்லாக் கடை வாசல்லயும் ஒரே போஸ்டர்: ‘போஜோலே நூவோ வந்தாச்சு!’ 1970கள்ல முதல் பாட்டிலை யாரு லண்டனுக்குக் கொண்டுவர்றாங்கன்னு பத்திரிகைகள் பந்தயமே வெச்சுது. 1985ல ரிலீஸ் தேதியை நவம்பர் மாசம் மூணாவது வியாழக்கிழமைன்னு மாத்தினாங்க. ஏன் வியாழன்? அடுத்து வர்ற வார இறுதி முழுக்க வியாபாரம் பாக்கலாம், அதான்.

ஜப்பான்ல கிழக்கால முதல்ல விடியறதால, பிரான்சுக்கு முன்னாடியே நள்ளிரவுல பாட்டிலைத் திறந்துடலாம். ஹகோனேன்ற ஊர்ல ஒரு வெந்நீர்க் குளியல் விடுதியில இந்த ஒயினைத் தொட்டித் தண்ணியில ஊத்தி அதுல குளிக்கவே செய்றாங்க!

நமக்கு இதெல்லாம் நல்லாவே புரியும். முதல் நாள் முதல் ஷோ. பேப்பர் மழை, பட்டாசு, பால் அபிஷேகம். அந்த டிக்கெட்டை வாங்கறவர் படத்தை மட்டும் வாங்கல, கூட்டத்தையும் சேத்துத்தான் வாங்கறார். அதுல தப்பே இல்ல. ஆனா அந்தப் போஸ்டரை இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்க. ‘வந்தாச்சு’. எப்படி இருக்கும்னு ஒரு வார்த்தை இல்ல.

வாழைப்பழ வாசனை எங்கேர்ந்து வருது?

செப்டம்பர்ல பறிச்ச திராட்சை நவம்பர்ல கடைக்கு வரணும்னா அவசரமா செய்யணும். அதுக்கு ஒரு முறை இருக்கு. திராட்சையை நசுக்காம, கொத்தோட மூடின தொட்டியில போடுவாங்க. உள்ள கார்பன் டை ஆக்சைடு நிறைஞ்சிருக்கும். ஆக்சிஜன் இல்லாததால ஒவ்வொரு பழத்துக்குள்ளயும் நொதித்தல் தொடங்கும். இப்படிச் செஞ்சா தோல்லேர்ந்து துவர்ப்பு அதிகம் இறங்காது. சீக்கிரமே குடிக்கற பதத்துக்கு வந்துடும். கூடவே வாழைப்பழம், பபிள்கம் மாதிரி ஒரு வாசனையும் வரும். அந்த வாழைப்பழ வாசனைக்குக் காரணம் ஐசோஅமைல் அசிட்டேட்ன்ற வேதிப்பொருள். நிஜ வாழைப்பழத்துலயும் அதேதான் இருக்கு.

இந்த முறையில தப்பு இல்ல. நல்லா செஞ்சா லேசான, பழச்சுவையான ஒயின் கிடைக்கும். பிரச்சினை வந்தது அளவுல. விவசாயி பக்கத்துலேர்ந்து பாருங்க. செப்டம்பர்ல அறுவடை, நவம்பர்ல கையில காசு. பீப்பாய் வேண்டாம், வருஷக்கணக்கா நிலவறையில வெச்சுக் காக்க வேண்டாம். யாரு வேண்டாம்பாங்க? 1992 வாக்குல, போஜோலே ஒயின்ல பாதிக்கு மேல நூவோவாவே வித்துது. தேவை ஏற ஏற, ஒரே கொடியிலேர்ந்து இன்னும் அதிகமா எடுத்தாங்க. கொடி அதிகமாக் காய்ச்சா ஒவ்வொரு பழத்துலயும் சுவை நீர்த்துப்போகும். நம்ம ஊர் மாந்தோப்புக்காரருக்கும் தெரிஞ்ச கணக்குதான்.

பார்ட்டியில நல்லாத்தானே இருந்துச்சு?

இங்க ஒரு கேள்வி வரும். ஒயின் சுமார்னா, இத்தனை வருஷம் ஜனங்க ஏன் ரசிச்சாங்க?

2008ல அமெரிக்காவுல கால்டெக் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையோட முடிவை வெளியிட்டாங்க. மூளை ஸ்கேன் எடுக்கற மெஷினுக்குள்ள ஆட்களைப் படுக்க வெச்சு, குழாய் வழியா கொஞ்சம் கொஞ்சமா ஒயின் கொடுத்தாங்க. ஒரே ஒயினை ஒரு தடவை 10 டாலர்னும் இன்னொரு தடவை 90 டாலர்னும் சொன்னாங்க. 90 டாலர்னு சொன்னப்போ ‘இது நல்லாருக்கு’ன்னாங்க. வாய் வார்த்தை மட்டும் இல்ல, மூளையில இன்பத்தோட தொடர்புள்ள பகுதியும் கூடுதலா வேலை செஞ்சுது.

அப்போ ஹைப் பொய்யில்ல. குடிக்கற நேரத்துல நிஜமாவே சுவையைக் கூட்டுது. ஆனா கடைக்காரர் கவர்ல போட்டுக் கொடுக்கறது பாட்டிலை மட்டும்தான். வியாழக்கிழமை ராத்திரி இருந்த பாட்டும் கூட்டமும் அந்தக் கவர்ல வராது. அடுத்த செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் முடிஞ்சு வந்து, வீட்டுல தனியா உக்காந்து அதே ஒயினை ஊத்திப் பாத்தா இருக்கறது ஒயின் மட்டும்தான். அப்போதான் ‘இதுக்கா இவ்ளோ பேச்சு?’ன்னு தோணும்.

குறை சொல்லாத கஸ்டமர்

சட்டை சரியில்லன்னா கடையில போய் மாத்தச் சொல்றோம். பிரியாணியில உப்பு ஜாஸ்தின்னா அங்கயே சொல்லிடறோம். ஒயின் விஷயத்துல மட்டும் ஆளுங்க தயங்கறாங்க. ‘நமக்கு ஒயின் தெரியாது போல, நம்ம நாக்குதான் பழகல’ன்னு நினைச்சுக்கறாங்க. லேபிள்ல இருக்கற பிரெஞ்சுப் பேரை உச்சரிக்கவே கூச்சம். இதுல எங்க போய் குறை சொல்றது?

அதனால கடைக்காரர் காதுக்கு எதுவும் எட்டல. கடைக்காரருக்கே தெரியலன்னா மொத்த வியாபாரிக்குத் தெரியாது, விவசாயிக்குச் சுத்தமா தெரியாது. எல்லாரும் போன வருஷக் கணக்கை வெச்சு இந்த வருஷமும் செஞ்சாங்க.

தெரியவந்தப்போ ரொம்ப லேட். 2001 அறுவடையில செஞ்ச ஒயின்ல 11 லட்சம் பெட்டிக்கு மேல விக்கல. பாட்டில் கணக்குல 1 கோடியே 30 லட்சம். பெரும்பாலும் நூவோ. அதையெல்லாம் காய்ச்சி வெறும் ஆல்கஹாலா வடிக்கவோ அழிக்கவோ வேண்டியதாச்சு. அத்தனை மௌனமும் சேந்து ஒரே புகாரா வந்த மாதிரி.

சொன்னவங்க மேல கேஸ்

2002ல ஃபிரான்ஸுவா மோஸ்னு ஒரு ஒயின் விமர்சகர், ‘லியோன் மாக்’ன்ற உள்ளூர் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். தரம் இல்லாத ஒயினை வருஷக்கணக்கா கொட்டினதோட பலன்தான் இது, எச்சரிக்கை வந்தும் நீங்க கண்டுக்கலன்னார். அந்த ஒயினை ‘வான் து மேர்த்’னும் சொன்னார். தமிழ்ல அந்த ரெண்டாவது வார்த்தையை நான் சொல்லமாட்டேன், வீட்டுல பெரியவங்க இருப்பாங்க. கழிவறை சம்பந்தப்பட்ட வார்த்தைன்னு வெச்சுக்கங்க.

போஜோலே கூட்டுறவு உற்பத்தியாளர்கள் கொதிச்சுட்டாங்க. பத்திரிகை மேல கேஸ் போட்டாங்க. அதுவும் மானநஷ்ட வழக்கு இல்ல. விக்கிற பொருளை இழிவுபடுத்தினதா ஒரு வழக்கு. 2003 ஜனவரியில வில்ஃபிரான்ஷ் ஊர் கோர்ட் அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லி, 2,80,000 யூரோவுக்கு மேல கட்டச் சொன்னுச்சு. ஊழியர்களே நடத்தின சின்னப் பத்திரிகை அது. அந்தத் தொகையைக் கட்டினா மூடவேண்டியதுதான்.

நடந்தது என்ன? அந்தப் பேட்டியைப் படிக்காத நாடுகள்லயும் அந்த ரெண்டு வார்த்தை பரவிடுச்சு. லண்டன், நியூயார்க் பத்திரிகைகள் எல்லாம் எழுதிச்சு. உள்ளூர்ல அடங்கியிருக்க வேண்டிய திட்டை அவங்களே உலகம் முழுக்க ஒலிபரப்பினாங்க. 2005ல பிரான்சோட உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணிடுச்சு.

உற்பத்தியாளர்கள் கோபத்துலயும் ஒரு நியாயம் இருக்கு. ஒரு வருஷ உழைப்பை ஒருத்தர் அந்த வார்த்தையில சொன்னா யாருக்கும் வலிக்கும். வேற மாதிரி சொல்லியிருக்கலாம், சரி. ஆனா ஆயிரக்கணக்கான கஸ்டமருங்க மனசுக்குள்ள சொல்லிட்டு நகந்துபோனதைத்தான் அவர் வெளிய சொன்னார். அந்தத் திட்டு பத்து வருஷம் முன்னாடி கடை கவுண்டர்ல விழுந்திருந்தா, அவ்வளவு ஒயின் வீணாகியிருக்காதுன்னு நான் நினைக்கிறேன்.

பக்கத்து கிராமத்துக்காரர் என்ன பாவம் பண்ணார்?

எனக்கு ரொம்ப உறுத்தற பகுதி இதுதான். போஜோலேல மோர்கோன், ஃப்ளூரி, மூலான் ஆ வான் மாதிரி 10 ஊர்ப் பகுதிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. அதே கமே திராட்சைதான். ஆனா பொறுமையா செஞ்ச, சிலது பல வருஷம் வெச்சுக் குடிக்கக்கூடிய ஒயின். மோர்கோன்ல மார்செல் லாபியேர்னு ஒருத்தர் இருந்தார். ஜூல் ஷோவேன்ற வேதியியலாளர் சொன்ன வழியில, ரசாயனத்தைக் குறைச்சு, அவசரமில்லாம ஒயின் செஞ்சவர். ஹைப் உச்சத்துல இருந்த அதே வருஷங்கள்ல, அதே மண்ணுல. இன்னைக்கு ‘நேச்சுரல் ஒயின்’னு உலகம் பேசறதுக்கு விதை போட்டவங்கள்ல அவரும் ஒருத்தர்.

ஆனா நூவோவைக் குடிச்சு ஏமாந்தவருக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? ‘போஜோலேவா? வாழைப்பழ ஜூஸ்தானே’ன்னு மொத்தப் பேரையும் ஒதுக்கிட்டார். இந்த 10 ஊர்க்காரங்கள்ல பலர் லேபிள்ல ஊர்ப் பேரை மட்டும் பெருசா போட்டு, போஜோலேன்ற சொல்லே இல்லாம விக்கறாங்க. அந்தப் பகுதியில பல இடங்கள்ல கொடியையே பிடுங்கிட்டாங்க. விளம்பரத்துல லாபம் பாத்தவர் வேற, பேரை இழந்தவர் வேற.

கடையில நின்னா என்ன கேக்கலாம்?

வெளிநாட்டுல படிக்கறவங்க, வேலை பாக்கறவங்க நிறையப் பேர் கேக்கறீங்க. அதனால ரெண்டு மூணு விஷயம்.

லேபிள்ல நூவோன்னு இருந்தா வருஷத்தைப் பாருங்க. நவம்பர்ல வந்தது அடுத்த வசந்தத்துக்குள்ள குடிச்சு முடிக்க வேண்டியது. ரெண்டு வருஷம் பழசை பாதி விலைக்குக் கொடுத்தாலும் அது ஆஃபர் இல்ல, கடைக்காரர் கணக்கை முடிக்கறார்.

தங்க மெடல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா அசந்துடாதீங்க. கலிஃபோர்னியாவுல ராபர்ட் ஹாட்ஜ்சன்னு ஒரு சின்ன ஒயினரிக்காரர், மாநிலக் கண்காட்சிப் போட்டியில 2005லேர்ந்து சில வருஷம் நடுவர்களைச் சோதிச்சார். ஒரே பாட்டில் ஒயினை, அவங்களுக்குத் தெரியாம மூணு தடவை கொடுத்தார். மூணு தடவையும் ஏறக்குறைய ஒரே மார்க் போட்டவங்க பத்துல ஒருத்தர்தான். அலமாரியில ‘92 பாயிண்ட்’னு அட்டை தொங்கினா, அந்த மார்க் பாட்டில்ல இருக்கற அதே வருஷத்து ஒயினுக்குத்தானான்னு கேளுங்க. சில சமயம் போன வருஷத்து மார்க் இந்த வருஷத்து பாட்டிலை வித்துக்கிட்டிருக்கும்.

கடைசியா, பிடிக்கலன்னா சொல்லுங்க. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை அடிச்சா கார்க் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், நல்ல கடையில மாத்திக் கொடுப்பாங்க. கெட்டுப்போகல, சும்மா பிடிக்கலன்னா பணம் திரும்பி வராது. அப்பவும் ‘இது ரொம்ப நீர்த்திருந்துச்சு, இந்த வாசனை எனக்கு ஒத்துவரல’ன்னு நேராச் சொல்லுங்க. பெரிய பெரிய வார்த்தை எதுவும் தேவையில்ல. அடுத்த பாட்டிலை அவர் யோசிச்சு எடுத்துக் கொடுப்பார். நீங்க பேசாம வெளிய வந்துட்டா, அதே பாட்டிலை உங்களுக்குப் பின்னாடி நிக்கறவருக்குக் கொடுப்பார்.

இதை ஒயினுக்கு மட்டும் சொல்லல. நீங்க பெரிய எதிர்பார்ப்போட வாங்கி, பிடிக்காம, யார்கிட்டயும் சொல்லாம விட்ட பொருள் எது? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கறேன்.