செல்லுக்குள் தண்ணீர் போகும் வழி

உயிருள்ள ஒவ்வொரு செல்லையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. கொழுப்புக்கும் தண்ணீருக்கும் ஒட்டாது என்பது நேயர்கள் அறிந்ததே. ஆனாலும் அந்தச் சவ்வின் வழியே தண்ணீர் மெல்லக் கசிகிறது. ரத்தத்தின் சிவப்பணுவில் நடப்பதோ கசிவல்ல, பாய்ச்சல். பாதரச உப்பைச் சேர்த்தால் அந்தப் பாய்ச்சல் தடைபடுகிறது என்பது 1970-லேயே தெரிந்துவிட்டது. அப்படியானால் புரதத்தாலான தனி வழி ஒன்று இருந்தாக வேண்டும். ருமேனியாவில் கியோர்கே பெங்கா 1986-இல் அதற்குத் தடயம் காட்டினார்.

புரதத்தையே கையில் பிடித்தவர் அமெரிக்காவில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீட்டர் ஏக்ரே. அவர் தேடியது வேறு. ஆர்எச் ரத்த வகைப் புரதத்தைப் பிரித்தெடுக்கும்போதெல்லாம் 28 கிலோடால்டன் எடையுள்ள இன்னொரு புரதம் கூடவே வந்தது. சிவப்பணுவிலும் சிறுநீரகத்திலும் அது ஏராளம். அதன் வேலைதான் தெரியவில்லை. தண்ணீர் செல்லும் வழியாக இருக்கலாமே என்று சொன்னவர் ரத்தவியல் மருத்துவர் ஜான் பார்க்கர்.

அதைச் சோதித்த விதம் அழகானது. தவளையின் முட்டைச் செல் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. விட்டால் குளத்தில் பிழைக்குமா? அந்தச் செல்லுக்குள் புதிய புரதத்துக்கான ஆர்என்ஏவை ஊசியால் செலுத்தினார்கள். செல் அந்தப் புரதத்தைத் தயாரித்துக்கொண்ட பிறகு, உப்புக் குறைந்த கரைசலில் போட்டார்கள். சாதாரண முட்டை அப்படியே கிடந்தது. ஊசி போட்ட முட்டை ஊதிப் பெருத்து, சில நிமிடங்களில் வெடித்தது. பாதரசம் சேர்த்தபோது அந்த வேகம் அடங்கியது. 1992-இல் வெளிவந்த இந்தச் சோதனைக்குப் பிறகு வாதத்துக்கு அதிகம் இடமில்லை. அக்வாபோரின் என்று பெயர் பெற்ற அந்தப் புரதத்துக்காக ஏக்ரே 2003-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அக்வாபோரினின் ஒரு துளையில் தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக, நொடிக்குச் சுமார் 300 கோடி கடக்கின்றன. ஆனால் அவற்றைவிடச் சிறிய புரோட்டானுக்கு அனுமதி இல்லை. நேயர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: புரோட்டானும் நுழைந்தால் செல்லின் அமில நிலையே குலைந்துவிடும்.

மனித உடலில் அக்வாபோரின்கள் 13 வகை. சிறுநீரகம் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிக்கிறது. சிறுநீராவது ஒன்றரை லிட்டர்தான். மீதி உடலுக்குத் திரும்புவதில் இந்தப் புரதங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. இரண்டாம் வகை பழுதானால் தீராத தாகமும் ஓயாத சிறுநீரும்தான். நான்காம் வகையை உடலின் எதிர்ப்பொருள்கள் தாக்கினால் பார்வை நரம்பும் தண்டுவடமும் பாதிக்கப்படுகின்றன. அந்த எதிர்ப்பொருளை இன்று ரத்தப் பரிசோதனையிலேயே கண்டறியலாம்.

பாக்டீரியாவின் அக்வாபோரினைப் பதித்த நீர்வடிப்பான் படலங்களை டென்மார்க் நிறுவனம் ஒன்று உருவாக்கியிருக்கிறது. புரதம் உப்பை விடாது. ஆனால் அதைத் தாங்கும் படலத்தில் ஓட்டை இருந்தால் உப்பு அந்த வழியே வந்துவிடும். இந்தத் துறையின் பெரும்பாடு புரதத்தில் இல்லை, படலத்தில்தான்.