"புள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவேன்"



எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி, பேரு வேண்டாம், அடி தாங்காமல் மகனோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டது. "புள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவேன், உன்னையும் விடமாட்டேன்" என்று வீட்டுக்காரர் போனில் மிரட்டினார். கோவத்துல சொல்றார் என்றார்கள் பெரியவர்கள். எனக்கு அப்படித் தோணலை. பிரிந்து வந்த பிறகுதான் ஆபத்து கூடும். முன்னே கழுத்தை நெரிச்சிருக்காரா, கத்தி எடுத்தாரா, இப்போ பின்னாடியே வர்றாரா என்று கேட்டோம். மூணுக்கும் ஆமாம்தான்.

மிரட்டலைத் தேதி போட்டு நோட்டில் எழுதச் சொன்னோம். மெசேஜ் எதையும் அழிக்கவில்லை. பிறப்புச் சான்று, ஆதார் எல்லாம் ஒருத்தர் வீட்டு பீரோவில் இருக்கு. யார் வீடுன்னு சொல்லமாட்டேன். பையனுக்கு ரெண்டு போன் நம்பர் மனப்பாடம். ராத்திரி ஏதாவது என்றால் 181, இல்லை 112.

பள்ளிக்கூடத்தில்தான் சிக்கல். "அப்பா வந்து கேட்டா எப்படிம்மா அனுப்பாம இருக்கிறது?" என்றார் டீச்சர். நியாயம்தானே? மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்தோம். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில், பிள்ளை தற்காலிகமாக யாரிடம் இருக்கணும் என்று மாஜிஸ்திரேட்டே உத்தரவு போடலாம். வக்கீல் பீஸ் இல்லை. பெண்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசம். உத்தரவு நகலைப் பள்ளியில் கொடுத்தாச்சு.

அப்பா பார்ப்பது கோர்ட் வளாகத்தில், சனிக்கிழமை. குழுவில் ரெண்டு பேர் கூடப் போறோம். வர்ற சனிக்கிழமைக்கு இன்னும் ஒரு ஆள் வேணும். யாரு வர்றீங்க?