எலும்பை அளந்த கதை



1895 நவம்பர் 8ஆம் தேதி ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் இயற்பியல் அறிஞர் ரான்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். 1897இலேயே, பினாங்குக்குத் தெற்கே பேராக்கின் தைப்பிங் நகருக்கு மலாயாவின் முதல் எக்ஸ்ரே யந்திரம் வந்து சேர்ந்தது. ஆயினும் எலும்பைக் காண்பது வேறு, அளப்பது வேறு. முறிந்த எலும்பு பெரும்பாலும் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். வளரும் சிறுமி ஒருத்தியின் முதுகெலும்பு சிறிது சிறிதாகப் பக்கவாட்டில் வளைவதையோ அளந்தாலன்றி அறிய முடியாது.

அதற்குப் பொதுவானதோர் அளவுமுறையை 1948இல் விவரித்தவர் நியூயார்க் வைத்தியர் ஜான் காப். வளைவின் மேற்கோடியிலும் கீழ்க்கோடியிலும் மிகுதியாகச் சாய்ந்திருக்கும் முள்ளெலும்புகளைத் தேர்ந்து, அவற்றின் விளிம்பையொட்டிப் பென்சிலால் கோடிழுத்து, அவ்விரு கோடுகளுக்கிடைப்பட்ட கோணத்தைக் கோணமானியால் அளப்பதே அம்முறை. ஆனால் ஒரே படத்தை இரண்டு வைத்தியர்கள் அளந்தால் 5 பாகை அளவுக்கு வேறுபடுவது சகஜம். வளைவு முற்றுகிறது என்று முடிவு கட்டுவதற்கும் ஏறக்குறைய அதே 5 பாகைதான் ஆதாரம். ஆகவே நோய் வளர்ந்ததா, பென்சில் நகர்ந்ததா என்ற சந்தேகம் வைத்தியர்களை நெடுங்காலம் விடவில்லை.

இச்சந்தேகத்தைக் குறைக்கவே செயற்கை நுண்ணறிவு இத்துறையில் பிரவேசித்தது. வைத்தியர்கள் குறியிட்டுத் தந்த ஏராளமான படங்களைப் பயின்ற கணினி நிரல், புதிய படத்தில் ஒவ்வொரு முள்ளெலும்பின் மூலைகளையும் தானே குறித்து, கோணத்தைச் சில விநாடிகளில் கணக்கிடுகிறது; அதே படத்தை மறுபடி கொடுத்தால் அதே விடையையே தருகிறது.

எனினும், மாறாத விடையெல்லாம் சரியான விடை ஆகிவிடாது. இதற்கு மற்றோர் எலும்பு அளவையே சான்று. கையின் எக்ஸ்ரே படத்தைக் கொண்டு குழந்தையின் எலும்பு வயதை, அதாவது எலும்பு எந்த அளவுக்கு முதிர்ந்திருக்கிறது என்பதை, கணிக்க உலகெங்கும் பயன்படும் கிரூலிக், பைல் ஆகியோரின் படநூல் 1950இல் வெளிவந்தது. அதற்கு ஆதாரமானவர்களோ, 1930களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வசதியான வெள்ளையர் குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைகள். 2017இல் வட அமெரிக்கக் கதிரியக்கவியல் சங்கம் 12,611 கைப்படங்களைப் பயிற்சிக்குக் கொடுத்து நடத்திய எலும்பு வயதுக் கணிப்புப் போட்டியிலும் நிரல்கள் கற்றது அந்நூலின் அளவுகோலையே. அளவுகோலில் குறையிருப்பின், யந்திரம் அக்குறையையும் பிசகாமல் திருப்பிச் சொல்லும்.

ஆதலால், எத்தகைய நிரலையும் மலாய், சீன, இந்தியக் குழந்தைகளின் படங்களில் சோதித்துப் பார்த்த பின்னரே மலேசிய ஆஸ்பத்திரிகள் நம்பிப் பிரயோகிப்பது நியாயம். பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் பழைய எக்ஸ்ரே படங்களைப் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு பரிசோதனைக்கும் எடுத்துச் செல்லுங்கள். யந்திரம் சொன்ன எண்ணை வைத்தியர் தம் கண்ணால் சரிபார்த்தாரா என்று தயங்காமல் கேளுங்கள்.