பரி என்னும் சொல்: மாநாட்டுத் தலைமையுரை



சொல்லாராய்ச்சிக்கென்றே கூட்டப்பெற்ற இந்த வித்வத் சபைக்குத் தலைமை தாங்கும் பாக்கியத்தை எனக்கு அளித்தமைக்கு என் மனமார்ந்த வந்தனம். தலைமையுரை உபசார வார்த்தைகளோடு நின்றுவிடாமல், சபை ஆராயப் புகும் விஷயத்துக்கு ஓர் உதாரணத்தையேனும் முன்வைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயமாதலால், விரைந்த செலவைக் குறிக்கும் 'பரி' என்னும் சிறு சொல்லை எடுத்துக்கொள்கிறேன்.

பரி என்றவுடன் இன்று நம் மனத்தில் தோன்றுவது குதிரையே. நரியைப் பரியாக்கிய திருவிளையாடலைப் புராணப் பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்தவர்களும், சுவாமி குதிரை வாகனத்தில் பரிவேட்டைக்கு எழுந்தருளும் உற்சவத்தைத் தரிசித்தவர்களும், திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகரின் திருநாமத்தில் குதிரைமேல் வரும் திருமாலை உணர்ந்தவர்களும், அவ்விலங்கே இச்சொல்லின் முதற்பொருள் என்று கொள்வது இயல்பு. ஆயினும் பழஞ்செய்யுட்களை நிதானமாகப் பயில்வோர்க்கு வேறொரு முறை புலப்படும்.

கடல்வழியே காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையில் பாடும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், விலங்கைப் புரவி என்று பெயர் சொல்லி, அதன் நிமிர்ந்த ஓட்டத்தையே பரி என்று அடையாக அமைக்கிறார். இதனினும் தெளிந்த சான்று குறுந்தொகையில் இருக்கிறது. தலைவனோடு சென்றுவிட்ட மகளைச் சுரத்திடைத் தேடி அலையும் செவிலித்தாயின் துயரத்தைப் பாடும் வெள்ளிவீதியார், அவள் கால்கள் நடை ஓய்ந்தமையைச் சொல்லுமிடத்தில் பரி என்னும் இச்சொல்லையே ஆள்கிறார். அங்கே குதிரையும் இல்லை, தேரும் இல்லை. ஒரு பெண்ணின் சோர்ந்த பாதங்களே உள்ளன. ஆகவே செலவைக் குறித்த சொல், அச்செலவாற் சிறந்த விலங்குக்குத் தொழிலாகுபெயராய் வழங்கலாயிற்று என்று கொள்வதே பொருத்தமாகும்.

இத்துடன் பிரச்சினை முடிந்துவிடவில்லை. பரிதல் என்னும் வினைக்கு ஓடுதல், இரங்குதல், அறுதல் முதலிய அர்த்தங்கள் உள. பரிபூரணம், பரிபாலனம் முதலியவற்றில் முன்நிற்கும் பரியோ வடமொழி உபசர்க்கம். ஒலி ஒன்றாயிருப்பது கண்டு இவை யாவும் ஒரு வேரின என்று துணிவதும், பொருள் வேறாயிருப்பது கண்டு தொடர்பே இல்லை என்று தள்ளுவதும் ஒருங்கே தவறு. பிறர் துயர் கண்டு உள்ளம் விரைந்து செல்லுதலே பரிவாயிற்று என்பது கேட்க இனியதாயினும், பிரயோகங்களைக் கால முறையில் நிறுத்திப் பார்க்கும் வரையில் அது ஊகமே. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, சொற்பொருள்களை மேற்கோளோடு தொகுத்தளித்து நம்மை என்றும் கடனாளிகளாக்கியிருக்கிறது; ஒவ்வொரு பொருளும் எப்போது தோன்றி, எவ்வழியே பிறிதொன்றாயிற்று என்று காட்டும் பணி நம்முடையது.

விரைவோடு தொடர்புடைய சொல் பரி ஒன்றே அன்று; கதழ்வும் துனைவும் விரைவைக் குறிக்கும் என்று தொல்காப்பியர் உரியியலில் விதிக்கிறார். வெளிப்படையான சொற்களை விடுத்து, விளக்கம் வேண்டுவனவற்றையே அவ்வியலில் சொல்வதாக அவரே கூறுதலின், அவ்விரு சொற்களும் அவர் காலத்திலேயே பலர்க்கும் எளிதில் விளங்காதிருந்தன என்று கருதலாம். அவர் எழுதி வைத்திராவிடின் அவற்றின் பொருளை இத்துணை உறுதியாக நாம் அறிந்திருக்க இயலாது. இன்றும் கிராமத்தார் தொங்கோட்டம் என்றும், நாலுகால் பாய்ச்சல் என்றும், விடுவிடென்று நடந்தான் என்றும், ஓட்டமும் நடையுமாக வந்தான் என்றும், வேகத்தின் தரமறிந்து சொல்லை வேறுபடுத்துகிறார்கள். வண்டியும் மாடும் அருகிவர, இவற்றுள் சில வழக்கொழிதல் கூடும். பேச்சுவழக்கென்று இவற்றை இகழாமல், வழங்கும் ஊர், வழங்குவோர் தொழில், சந்தர்ப்பம் ஆகியவற்றோடு குறித்துவைப்பது தொல்காப்பியர் செய்த தொண்டின் தொடர்ச்சியேயாகும்.

ஆதலின், இங்குப் படிக்கப்பெறும் ஒவ்வொரு கட்டுரையும் ஒரு சொல்லையேனும் ஏட்டுச் சான்றோடும் நாட்டு வழக்கோடும் ஒருங்கு வைத்து ஆராய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இம்மாநாட்டை மகிழ்ச்சியுடன் தொடங்கி வைக்கிறேன்.